எட்டுக் கட்டுரை, ஒரு சன்மானம்

பத்திரிகையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதற்குப் பதில் எழுத எனக்கு யாரும் சன்மானம் தரமாட்டார்கள். ஆனால் பத்திரிகைகளுக்கு வெளியிலிருந்து எழுதுகிறவர்கள், குறிப்பாக இப்போதுதான் எழுதத் தொடங்கியிருப்பவர்கள், இதை முழுதாகப் படித்துவிட்டு அடுத்த கட்டுரையை அனுப்புங்கள்.

2023 மே மாதம் ஒரு போன். சென்னையிலிருந்து வரும் மாத இதழின் ஆசிரியர். வழவழப்பான தாள், கண்ணுக்கு நிறைந்த படங்கள், ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் தொங்கும் இதழ். "உங்க எழுத்துல ஒரு ஈரம் இருக்கும்மா. நம்ம நெசவு ஊர்களைப் பத்தி ஒரு தொடர் பண்ணலாமா?" என்றார். அந்த ஈரத்தில்தான் வழுக்கினேன். கட்டுரைக்கு 4,500 ரூபாய், பஸ் செலவு தனி, மொத்தம் எட்டு ஊர். எல்லாம் வாய்ப்பேச்சு. "சரி சார், கட்டுரைக்கு 4500, பயணம் தனி, ஜூன் இதழிலிருந்து" என்று வாட்ஸ்அப்பில் நான் போட்டதும், அதற்கு அவர் ஒரு கட்டைவிரல் போட்டதும்தான் பத்திரம்.

முதல் கட்டுரை சின்னாளப்பட்டி. இதழ் வந்த பத்தாம் நாள் ஜிபேயில் 4,500 வந்துவிட்டது. தங்கைக்கு ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்பினேன். பணம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து வரவில்லை, ஆசிரியரின் சொந்த நம்பரிலிருந்து வந்திருந்தது. 'எவ்வளவு நல்ல மனுஷன், கைக்காசைப் போட்டு அனுப்புகிறார்' என்றுதான் அப்போது நினைத்தேன். அது தூண்டில் புழு என்று தெரிய ஒரு வருஷம் ஆனது.

அப்புறம் பரமக்குடி, ஆரணி, சிறுமுகை, நெகமம், உறையூர் என்று அலைந்தேன். திருபுவனத்தில் பட்டு நெய்யும் பெரியவர் ஒருவர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, "இதுக்கு உங்களுக்கு எவ்வளவும்மா தர்றாங்க?" என்று கேட்டார். எழுதுகிற யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. சொன்னேன். வந்து போக இரண்டு நாள், எழுத மூன்று நாள் என்று விரல்விட்டு எண்ணினார். "கையில வந்துடுச்சா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். நெசவாளர் சொசைட்டியில் பாவு நூல் வாங்கும்போதே கூலி எவ்வளவு என்று அவருடைய அட்டையில் எழுதிவிடுவார்களாம். அட்டையை எடுத்துக் காட்டினார். மூலையெல்லாம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்த அட்டை. என்னிடம் இருந்தது ஒரு கட்டைவிரல்.

2024 ஜனவரி இதழோடு தொடர் முடிந்தது. ஏழு கட்டுரைக்கு 31,500, பஸ் செலவு 3,860. "தொடர் முடிஞ்சதும் மொத்தமா செட்டில் பண்ணிடலாம்மா" என்று நடுவில் இரண்டு தடவை சொல்லியிருந்தார். முடிந்த பிறகு விளம்பரம் டல், பேப்பர் விலை ஏறிவிட்டது, எம்டி ஊரில் இல்லை. ஏப்ரலுக்கு மேல் அவர் போனையே எடுக்கவில்லை. அக்கவுண்ட்ஸில் இருந்த பெண் மட்டும் எடுப்பார், பாவம். "மேடம், உங்க பில்லே எங்களுக்கு வரலையே." மின்னஞ்சலில் அனுப்பினேன், வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், கடைசியில் கூரியரிலும் அனுப்பினேன். மே மாதக் கடைசியிலும் அதே பதில்தான்.

கதை திரும்பியது ஜூலையில், மதுரையில் என் ஆடிட்டர் ஆபீஸில். வருமான வரிக் கணக்குப் போட, நம் பெயரில் யார் யார் வரி பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பார்த்த பையன், "மேடம், இந்தக் கம்பெனி 31,500 காட்டியிருக்கு, 3,150 டிடிஎஸ் பிடிச்சிருக்கு. இதை நீங்க சொல்லவே இல்லையே?" என்றான். எனக்குக் கோபத்தில் காது சூடானது. கைக்கு ஒரு பைசா வரவில்லை, அதற்கு வரி மட்டும் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். ஆடிட்டர் சிரித்தார். "கோபப்படாதீங்க. இதுதான் உங்க சாட்சி."

டிடிஎஸ் என்பது பணம் கைக்குக் கொடுக்கும்போது மட்டும் பிடிப்பதில்லை. உங்களுக்கு இவ்வளவு தர வேண்டும் என்று கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தில் வரவு வைத்தாலே பிடிக்க வேண்டும், எது முந்தியோ அது. அதாவது பில்லே வரவில்லை என்று போனில் சொன்ன அதே ஆபீஸ், மார்ச் மாதமே என் பில்லைப் பதிந்து செலவாகக் காட்டியிருக்கிறது. எனவே உங்களுக்குப் பாக்கி வைத்திருக்கும் நிறுவனம் பெரியது என்றால் முதல் வேலையாக 26ஏஎஸ் பாருங்கள், வருமான வரித் தளத்தில் இலவசம்தான். ஒன்று மட்டும் உண்டு: ஆண்டு மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தாக வேண்டும். அப்போது 30,000. 2025 ஏப்ரலிலிருந்து 50,000 ஆக்கிவிட்டார்கள். சின்னத் தொகைக்கு இந்தத் தடயம் கிடைக்காமல் போகலாம்.

வக்கீல் வைக்கவில்லை. ஒரே பக்கத்தில் நானே எழுதினேன். எந்தெந்த இதழ், எந்தத் தேதி பில், 26ஏஎஸ் நகல், வாட்ஸ்அப் கட்டைவிரலின் படம், பதினைந்து நாள் கெடு. ஆசிரியருக்கு அனுப்பவில்லை. இதழின் உள்ளே பொடி எழுத்தில் வெளியிடுபவர் பெயர் இருக்குமே, அவருக்கு ஒன்று. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கிடைத்த பதிவு அலுவலக முகவரிக்கு இன்னொன்று. ஒப்புகை அட்டையோடு ரெஜிஸ்டர்ட் தபால். (2025இல் ரெஜிஸ்டர்ட் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது அனுப்புகிறவர்கள் ஸ்பீட் போஸ்ட் என்றே கேளுங்கள்.)

ஒன்பதாம் நாள் போன் வந்தது. "மேடம், செக் ரெடி. நேர்ல வர முடியுமா?"

வைகையில் ஏறிப் போனேன். அந்தப் பயணச் செலவை யாரிடம் கேட்பது என்று இன்றுவரை தெரியவில்லை. 28,350க்குச் செக். கூடவே ஒரு வவுச்சர், ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டித் தயாராக இருந்தது. கையெழுத்துப் போடப் போனவள் எதற்கும் என்று கீழே பார்த்தேன். எறும்பு ஊர்வதுபோல ஆங்கிலத்தில் இரண்டு வரி: இந்தக் கட்டுரைகளின் எல்லா உரிமைகளையும் நிறுவனத்துக்கே தருகிறேன் என்று. வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கிறவருடைய கட்டுரைக்குக் காப்புரிமை எழுதியவருக்குத்தான். அதை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 1957 காப்புரிமைச் சட்டம். அந்தக் கையெழுத்தைத்தான் ரசீதுக்குள் ஒளித்து வாங்கப் பார்த்தார்கள். அந்த இரண்டு வரியையும் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுவிட்டுக் கீழே கையெழுத்திட்டேன். அக்கவுண்ட்ஸ் பெண் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் பேனாவை மூடும்வரை செக்கின் மேலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

அந்த வழியாகப் போன ஆசிரியர், "என்னம்மா, நமக்குள்ள நோட்டீஸ் எல்லாம் எதுக்கு?" என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பஸ் செலவு வரவில்லை. ஒரிஜினல் டிக்கெட் வேண்டுமாம். கொண்டு போயிருந்தேன். கவரைத் திறந்தால் ஒரு வருஷத்தில் மை பறந்து எல்லாம் வெள்ளைத் துண்டுச் சீட்டாக இருக்கிறது. ஒன்றிரண்டில் மட்டும் கட்டண எண்ணின் நிழல் தெரிந்தது. மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட் அப்படித்தான். அன்றன்றே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை, ஊர் திரும்பிய பிறகுதான் செய்தேன். அந்த இதழின் இரண்டு வருடப் பிரதிகளை வைத்துக்கொண்டு எழுதியவர்களின் பெயர்களைக் குறித்தேன். வருஷக்கணக்காக வரும் பெயர்கள் நமக்குப் பயன்படாது. அவர்களுக்குப் பணம் வரலாம், வேறு ஏதாவது வரலாம். நான் தேடியது இரண்டு, மூன்று இதழில் வந்துவிட்டுச் சட்டென்று காணாமல் போகிற பெயர்கள். நிறையவே இருந்தன. ஃபேஸ்புக்கில் ஐந்து பேரைக் கண்டுபிடித்து, 'உங்களுக்கு எவ்வளவு தந்தார்கள், எத்தனை நாளில் தந்தார்கள்?' என்று மட்டும் கேட்டேன். நான்கு பேர் பதில் போட்டார்கள். மூன்று பேருக்கு முதல் கட்டுரைக்கு மட்டும் பணம், அதுவும் சொந்த நம்பரிலிருந்து. ஒருவர் கேட்டார்: "உங்களுக்கும் ஈரம் இருக்குன்னு சொன்னாரா?"

இந்த விசாரணைக்கு எனக்கு ஆனது ஒரு சாயங்காலம். எட்டு மாதம் அலைவதற்கு முன் அதைச் செய்யாததற்குக் காரணம் வெட்கம்தான், வேறொன்றுமில்லை. பணத்தைப் பற்றிக் கேட்டால் சின்ன ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். மூத்த எழுத்தாளர் ஒருவர் சொன்னார், அந்தக் காலத்தில் மணியார்டர் வரும், கீழே கூப்பனில் கதையின் பெயரை எழுதியிருப்பார்கள், தபால்காரர் வாசலில் நின்று சத்தமாகத் தொகையைச் சொல்வார், தெருவுக்கே தெரியும் என்று. இப்போது யாருக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரிவதில்லை. ஏமாற்றுகிற பத்திரிகைக்கு அது எவ்வளவு வசதி!

சிற்றிதழ்களை நான் சொல்லவில்லை. பணம் தர முடியாது, இரண்டு பிரதி அனுப்புகிறோம் என்று முதலிலேயே சொல்கிறார்கள். விருப்பமிருந்தால் எழுதலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

இன்னொரு ஆயுதம் இருந்தது, என்னிடம் இல்லை. மத்திய அரசின் உத்யம் பதிவு. தனியாக எழுதிப் பிழைக்கிறவரும் சேவை செய்யும் குறுநிறுவனமாகப் பதிந்துகொள்ளலாம். ஆதார், பான் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் போலித் தளங்களில் மாட்டாதீர்கள். பதிந்தவருக்கு, எழுத்தில் பேசியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாளில். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. என் பாக்கி இழுத்துக்கொண்டிருந்தபோது பேங்க் ரேட் 6.75 சதவீதம். அப்படியானால் வட்டி 20.25. அப்போது மத்திய அரசின் சமாதான் என்ற தளத்தில் புகார் கொடுக்க முடிந்தது. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிந்துவிடுவது நல்லது, அங்கேதான் நான் கோட்டைவிட்டேன். 2023-24 கணக்காண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுத்து முடிக்கிறவரை கம்பெனி வரிக்கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. இப்போது என் பில்லின் தலையிலேயே உத்யம் எண் இருக்கிறது. ஆசிரியர்கள் அதைக் கவனிப்பதே இல்லை, அக்கவுண்ட்ஸ் ஆட்கள் உடனே கவனிக்கிறார்கள்.

போன ஆகஸ்டில் அந்த ஆசிரியரிடமிருந்து வாட்ஸ்அப். "தீபாவளி மலருக்கு உங்க கட்டுரை இல்லாம எப்படிம்மா? 1200 வார்த்தை, செப்டம்பர் 10க்குள்." பஸ் டிக்கெட் கவரைப் போட்டோ எடுத்து அனுப்பி, கீழே 3,860 என்று எழுதினேன்.

கட்டைவிரல் போட்டிருக்கிறார்.