சில மழைக்காலம் கழித்து: புதுப்பித்த பழைய வீட்டில் எது நின்றது, எது சலித்தது

வேலை முடிந்த புதிதில் எடுத்த படங்களில் எல்லா வீடும் அழகுதான். மார்க் போடுவதென்றால் சில மழைக்காலம் உள்ளே வாழ்ந்து பார்த்துத்தான் போட வேண்டும்.

என் கணக்கில் முதலிடம் சுவருக்கு. எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ பூசிவிட்டிருந்த சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். போர்ட்லாண்ட் சிமென்ட் காப்புரிமை பெற்றதே 1824-ல்தான். கட்டுமானத்தில் அது பரவலானது அதற்கும் வெகு பின்னால். முந்தைய சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி, காற்றுப் பட்டதும் விட்டுவிடும் வகையில் கட்டப்பட்டவை. அவற்றின் மேல் சிமென்ட்டையும் பிளாஸ்டிக் எமல்ஷனையும் அப்பினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். உப்புப் பூக்கும், பெயின்ட் பொரிந்து உதிரும். பூச்சை மாற்றிய பிறகும் ஓதம் உடனே போய்விடவில்லை. மெல்ல மெல்லத்தான் காய்ந்தது; பூஞ்சை வாடையும் அதோடு போனது.

மேலே நிறம் கலந்த சுண்ணாம்பு வெள்ளை. நீர்க்கத் தீட்டிய ஒவ்வொரு அடுக்கும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாக இறுகுகிறது. நிறம் எங்கும் ஒரே சீராக இராது. அந்தத் திட்டுத் திட்டான மங்கல்தான் சாயங்கால வெளிச்சத்தில் அறைக்கு ஒரு கதகதப்பைத் தருகிறது. எந்த விலையுயர்ந்த பெயின்ட்டிலும் எனக்கு இது கிடைத்ததில்லை. குறையும் உண்டு. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், கறை பட்டால் துடைக்க முடியாது. அதனால் நடைவழியில் மட்டும் சிலிக்கேட் பெயின்ட். அதுவும் ஈரத்தை அடைக்காது.

தரையில் பழைய பலகைகளையே வைத்துக்கொண்டோம். இடுக்குகளை அடைக்கச் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஈரக் காற்றில் மரம் உப்பும், வறட்சியில் சுருங்கும். கெட்டியாக அடைத்தது பெயர்ந்து வரும். வார்னிஷுக்குப் பதில் எண்ணெய் மெழுகு பூசியதால் கீறிய இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்ய முடிகிறது. ஆளி விதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வையுங்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டுவதற்கு முன் ஈயம் இருக்கிறதா என்று சோதிப்பதும் கட்டாயம். அமெரிக்காவிலேயே வீடுகளுக்கு ஈயப் பெயின்ட்டைத் தடை செய்தது 1978-ல்தான்.

விளக்குகள் எல்லாம் 2700 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம்; பொருள்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் துல்லியம் (CRI) 100-க்கு 90-க்கு மேல். கூரையில் வரிசையாகப் பதிக்காமல் சுவரிலும் மேசையிலும் வைத்தது நல்லதாகப் போயிற்று. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் மட்டும் எல்இடிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ரீங்காரம் தாங்காது.

சலித்துப்போனவை, 'பழசு மாதிரி' செய்த புதுசுகள்: செயற்கையாகக் களிம்பேற்றிய கைப்பிடி, வேண்டுமென்றே தேய்த்த அலமாரி. நிஜப் பழசுக்குப் பக்கத்தில் அவற்றின் வேஷம் உடனே தெரிகிறது. நேர்க்கோடுகளோடு, எந்தப் பாசாங்கும் இல்லாமல் செய்த சமையலறை இன்னும் நன்றாக இருக்கிறது. 1964-ன் வெனிஸ் சாசனம் பழைய நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான நெறிகளாக எழுதப்பட்டது. இல்லாமல் போன பகுதிக்குப் பதிலாக வைப்பது மொத்தத்தோடு இசைய வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து வேறுபடுத்திப் பார்க்கவும் முடிய வேண்டும் என்கிறது. அலமாரிக் கைப்பிடிக்கும் இது பொருந்தும் என்பது என் கட்சி.

அடுத்த வேலை ஜன்னல். மொத்தமாகக் கழற்றிவிட்டு இரட்டைக் கண்ணாடி போடச் சொல்கிறார்கள். பழைய சட்டத்தை விட்டுவைத்து, உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்துவதாக இருக்கிறேன்.