மூன்று லட்சத்தை எதில் போடுவது? ஒரு வேலூர் லாட்ஜின் பசுமைக் கணக்கு

சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள சந்துகளில் நுழைந்தால் கடைப்பலகைகளில் தமிழுக்குச் சமமாக வங்காளி எழுத்தும் இருக்கும். அப்படி ஒரு சந்தில் எங்கள் மாமாவுக்கு 24 அறை லாட்ஜ், கீழே ஒரு மெஸ். கணக்கு எழுதுவது நான். தை மாதம் வந்த கரண்ட் பில்லை மேசைமேல் போட்டுவிட்டு மாமா சொன்னார்: "மூணு லட்சம் ஒதுக்கறேன்டா. சோலாரோ, சாண கேஸோ, எதுல போட்டா சீக்கிரம் திரும்பும்னு நீயே பார்த்துச் சொல்லு."

விற்பனைக்காரர்கள் வந்து போனார்கள். மாடியில் சோலார் பேனல், சோலார் வாட்டர் ஹீட்டர், ஹீட் பம்ப், மெஸ் கழிவுக்குப் பயோகேஸ் தொட்டி. எங்கள் எலக்ட்ரீஷியன் பாய் மட்டும் எதையும் விற்கவில்லை. "முதல்ல ஃபேனை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு போட்டபோதுதான் அவர் சொன்னதன் எடை தெரிந்தது.

எங்களுடையது வணிக இணைப்பு. யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்து எல்லாவற்றையும் கணக்கிட்டேன். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். பொருள் விலைகள் எங்களிடம் சொல்லப்பட்டவை, பேரம் பேசினால் கொஞ்சம் இறங்கும்.

பேனலா, ஃபேனா?

மூன்று லட்சத்துக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் பேனல் போடலாம் என்றார்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஆக 20 யூனிட், 200 ரூபாய். வருடத்துக்குச் சுமார் 72,000 ரூபாய். போட்ட பணம் நாலு வருடத்துக்குச் சற்று மேலே திரும்பிவிடும், அதற்குப் பிறகும் பேனல் இருபது வருடம் உழைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது ஃபேன். எங்கள் பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கிறது. பிஎல்டிசி ஃபேன், அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் ஃபேன், 30 வாட். வேலூரில் ஃபேனை எப்போது நிறுத்துவோம்? மார்கழி விடியற்காலையில் ஒரு வாரம், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், ஒரு ஃபேனில் மிச்சமாவது 0.72 யூனிட். அறைகளில் 24, மெஸ்ஸிலும் நடையிலும் 6, மொத்தம் 30 ஃபேன். தினம் 21 யூனிட்டுக்கு மேல்.

அதாவது 5 கிலோவாட் பேனல் மாடியில் வெயில் காய்ந்து செய்கிற மின்சாரமும், 30 ஃபேன் செலவழிக்காமல் விடுகிற மின்சாரமும் கிட்டத்தட்ட ஒன்று. அது மூன்று லட்சம். இது, ஃபேன் ஒன்று 2,800 என்று வைத்தால், 84,000. எல்லா அறையும் எப்போதும் நிரம்பியிருக்காது என்பதால் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் ஒன்றரை, ஒன்றே முக்கால் வருடத்தில் பணம் வந்துவிடும்.

பேனலுக்கு நான் அநியாயம் செய்கிறேன் என்று தோன்றலாம். இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது. 2024இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் வரையிலான மானியம் வீடுகளுக்குத்தான், லாட்ஜுக்குக் கிடையாது. அடுத்தது, பேனல் பகலில் வேலை செய்கிறது, எங்கள் விருந்தாளிகள் பகலில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு ஓபி சீட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்பினால் நோயாளியும் துணைக்கு வந்தவரும் திரும்ப மாலையாகிவிடும். அந்த நேரத்தில் மெஸ் கிரைண்டர், ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார் தவிர வேறெதுவும் அதிகம் ஓடாது. நாமே செலவழிக்கும் யூனிட்டுக்குத்தான் முழு 10 ரூபாய் மிச்சம். மிஞ்சியதை மின்வாரியத்துக்குத் தள்ளினால் அவ்வளவு கிடைக்காது. ஆகவே அந்த 72,000 எங்களுக்கு 72,000 அல்ல.

இதே பேனலை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவுக்கு மேல் போட்டால் கதையே வேறு. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை மெஷின் ஓடும், வெயிலும் அதே நேரம்தான். அங்கே நான் பேனலுக்குத்தான் கை தூக்குவேன்.

அப்புறம் மாடி. 5 கிலோவாட்டுக்குச் சுமார் 500 சதுர அடி வேண்டும். எங்கள் மாடியில் அந்த 500 சதுர அடியில் படுக்கை விரிப்பு காய்கிறது. சித்திரை வெயிலில் ஒரு விரிப்பு ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். கொடிக்கயிற்றை எடுத்துவிட்டுப் பேனல் போட்டால், விரிப்பு காயவைக்கும் மெஷின் வாங்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், அதற்குப் பேனல் வேண்டும்! உயரமான தாங்கி அமைத்துப் பேனலை மேலே தூக்கினால் கீழே கொடி கட்டலாம், மேல்மாடி அறைக்கும் சூடு குறையும். இரும்புச் செலவு தனி.

வெந்நீர்: மூன்று வழி, ஒரு குழாய்

எங்கள் தொழிலில் வெந்நீர் ஆடம்பரம் அல்ல. ஆபரேஷன் முடிந்து தையலோடு வந்திருப்பவருக்கு மே மாதத்திலும் வெந்நீர் வேண்டும். விடியற்காலை நாலரைக்கே மாடிப்படியிலிருந்து "கொரோம் ஜொல், தாதா!" என்று வங்காளியில் குரல் வரும், வெந்நீர் வேண்டும் அண்ணா என்று.

அறைக்கு 25 லிட்டர் என்றால் மொத்தம் 600 லிட்டர். அதை 30 டிகிரி சூடேற்ற 21 யூனிட் வேண்டும். கீசரில் இது தினம் 210 ரூபாய், தவிர விருந்தாளி இரவெல்லாம் கீசரை அணைக்காமல் விட்டால் அதற்கு மேலும். ஹீட் பம்ப் ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரில் விடுகிறது, அதனால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும், 7 யூனிட். காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதால் வேலூருக்கே செய்த மாதிரி. ஆனால் குழாய் வேலையோடு இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். மாதம் 4,200 ரூபாய் மிச்சம், திரும்ப நாலு வருடம்.

சோலார் வாட்டர் ஹீட்டர் காகிதத்தில் இதை எளிதில் ஜெயிக்கிறது. ஒன்றரை லட்சத்துக்குள் முடியும், வெயில் அடிக்கும் நாளில் செலவு ஏறக்குறைய பூஜ்யம். நேற்றைய வெயில் காப்பிட்ட தொட்டியில் இருப்பதால் விடியற்காலைக்கும் சூடு நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கையை விரிக்கும், அதற்கு மாற்றாகப் பழைய கீசர் இருந்தாக வேண்டும்.

ஆனால் விற்பனைக்காரர் சொல்லாத ஒன்றைக் குழாய்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பக்கத்துத் தெருவில் தெரிந்தவர் லாட்ஜில் சோலார் ஹீட்டர் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். மாடியில் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. கீழ்த்தள அறையில் குழாயைத் திறந்தால் பச்சைத்தண்ணீர். முக்கால் அங்குலக் குழாய் 30 மீட்டர் சுற்றி இறங்குகிறது, அதற்குள் மட்டும் ஏறக்குறைய 9 லிட்டர் நிற்கும். அதாவது அரை பக்கெட். விருந்தாளி அந்த அரை பக்கெட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுத்தான் குளிக்கத் தொடங்குகிறார், அவர் ஊற்றிய அளவுக்குத் தொட்டியின் சூடு குழாயில் இறங்கி, குளித்து முடித்தபின் அங்கேயே ஆறிப்போகிறது. சில பேர் பொறுமையில்லாமல் கீசரையும் போட்டுவிடுகிறார்கள். தண்ணீரும் போச்சு, மின்சாரமும் போச்சு. லாரித் தண்ணீர் வாங்கும் மாதத்தில் இந்த அரை பக்கெட்டுக்கும் விலை உண்டு.

நம் போர் தண்ணீரின் குணமும் தெரிந்ததுதான். பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு ஹீட்டர் குழாயிலும் படியும். மெல்லிய செம்புக்குழாய் ஓடும் தட்டு வகை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக்குழாய் வகை கொஞ்சம் தாங்கும், சுத்தம் செய்வதும் எளிது. அந்த வகைக்குத்தான் என் ஓட்டு, அதுவும் மேல் இரண்டு தளத்துக்கு மட்டும். தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே தூரம் குறைவு, வீண் குறைவு. கீழ்த்தளங்களுக்குக் கீசரே இருக்கட்டும்.

மெஸ்: எரிவாயுவா, அளந்து வடிப்பதா?

மெஸ்ஸில் தினம் 30 கிலோ கழிவு விழுகிறது. பயோகேஸ் தொட்டியில் போட்டால் சுமார் 3 கன மீட்டர் வாயு, சமையல் கேஸ் கணக்கில் 1.3 கிலோ. கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் 130 ரூபாய். தினமும் எலும்பும் எலுமிச்சைத் தோலும் பொறுக்கி எடுக்க ஒரு ஆள், தொட்டியிலிருந்து வெளிவரும் கரைசல் போக ஒரு தோட்டம் வேண்டும். எங்கள் சந்தில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை. கிராமத்துப் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், விடுதியோடு கல்லூரி நடத்துபவர் தாராளமாக யோசிக்கலாம்.

இதைவிட என்னை உறுத்தியது வேறு கணக்கு. அந்த 30 கிலோவில் 10 கிலோ மிஞ்சிய சாதம். அதை வாயுவாக்கினால் 50, 60 ரூபாய்க்கு மேல் பெயராது. அதே 10 கிலோ சாதம் வடிக்க மூன்றரை, நாலு கிலோ அரிசி, 200 ரூபாய், வடித்த கேஸ் தனி. 200 ரூபாய்ப் பொருளை 50 ரூபாய் எரிவாயுவாக மாற்றுவதற்கு ஒரு தொட்டி கட்ட வேண்டுமா? பன்னிரண்டு மணிக்கு ஒரு அண்டா, ஒன்றரைக்குக் கூட்டத்தைப் பார்த்து இரண்டாவது சின்ன அண்டா என்று மாற்றச் சொன்னேன். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சாதம் பத்தலன்னா உங்க மாமாவுக்கு நீ பதில் சொல்வியா தம்பி?" என்றார். சொல்வேன் என்றேன். இரண்டு நாள் பற்றவில்லை, சொன்னேன். இப்போது மிச்சம் மூன்று, நாலு கிலோதான், அது பால்காரரின் மாட்டுக்குப் போகிறது. குப்பையை வாங்கித் தரம் பிரித்துப் பயன்படுத்துவதில் வேலூர் சீனிவாசன் நாடு முழுக்கப் பேசப்பட்ட ஊர் இது, அவர் முறையிலும் மாட்டுக்குப் பெரிய இடம் உண்டு.

இலையா தட்டா என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டெல்லாம் தடை. எவர்சில்வர் தட்டைக் கழுவத் தண்ணீர், இலைக்குத் தினசரி விலை. தண்ணீர் தட்டுப்பாட்டு மாதங்களில் இலை, மற்ற மாதங்களில் தட்டு.

பாலாற்றங்கரையில் இதே கணக்கு

வீணானபின் மீட்பதைவிட வீணாக்காமல் விடுவது மலிவு என்பதைப் பெரிய அளவில் பார்க்க ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உள்ள டேனரிகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்குப் போகலாம். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்றது. அதன்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு என்பது கட்டாயச் செலவு. அதைக் குறைக்க டேனரிக்காரர் முன்னால் இரண்டு வழி. எல்லாத் தண்ணீரையும் கலந்துவிட்டுக் கடைசியில் ஆர்ஓவிலும் ஆவியாக்கியிலும் கழிவைப் பிடிக்கலாம். இல்லையென்றால் தோல் பதனிடும் டிரம்மிலேயே பிடிக்கலாம்.

வழக்கமான பதனிடலில் தோலைப் பதமாக்கப் போடும் குரோம் ரசாயனத்தில் 60, 70 சதவீதம்தான் தோலில் ஏறும், மீதி தண்ணீரோடு வெளியே. அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிரித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டுக் குரோமைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் திரும்ப அதே டிரம்முக்குப் போகும். காசு கொடுத்து வாங்கிய சரக்கு அது. உப்பும் அப்படித்தான். கெடாமல் இருக்க உப்பிட்டு வரும் பச்சைத்தோலை நனைக்கும் முன்பே உதறினால் ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பங்கு கையோடு உதிர்ந்துவிடும். உதறாமல் நனைத்தால் அதே உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிக்க நீராவியும் மின்சாரமும் கொட்ட வேண்டும், கடைசியில் கிடைப்பதோ வாங்க ஆளில்லாத கலப்பு உப்பு. உதறக் கூலி ஆகும்தான். ஆவியாக்கியின் எரிபொருள் செலவோடு வைத்துப் பார்த்தால் அது கூலியே இல்லை.

சரி, மூன்று லட்சம் என்ன ஆனது? ஃபேனுக்கு 84,000. மேல் இரண்டு தளத்துக்கு 300 லிட்டர் சோலார் ஹீட்டர், சுடுநீர்க் குழாய்க்கு நுரைக்காப்பு உட்பட 85,000. மீதியை மாமா கையிலேயே வைத்திருக்கிறார், ஏசி அறைகளின் பழைய ஏசி ஒவ்வொன்றாகப் பழுதாகும்போது ஐந்து ஸ்டார் வாங்க. பேனல்காரர் இன்னும் போன் செய்கிறார், மாடியில் விரிப்பு காய்கிறது.

ஃபேன் கணக்கில் மட்டும் ஒரு வரியை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பிஎல்டிசி ஃபேனுக்கு ரிமோட் உண்டு. இரண்டு மாதத்தில் மூன்று ரிமோட் விருந்தாளிகளின் பையோடு காட்பாடியில் ரயிலேறி ஹவுரா போய்விட்டன. பாய் வந்து மீதி ரிமோட்டையெல்லாம் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நைலான் கயிற்றால் கட்டிவிட்டுப் போனார், அறைக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு.