எழும்பிய விமானம் ஏன் ஏறுவதில்லை? எக்ஸ்-பிளேனுடன் சில ஆண்டுகள்

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளான எக்ஸ்-பிளேனைப் பலரும் ஊர்களின் அழகைப் பார்க்கவே வாங்குகிறார்கள். நான் அதை 11-ஆம் பதிப்பிலிருந்து பயன்படுத்தி வருவது ஒரே கேள்விக்காக: தரையை விட்டெழுந்த பயணிகள் விமானம் ஏன் உயர முடியாமல் போகிறது? 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு, பினாங்கின் பாயான் லெப்பாஸில் என் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டதும் அதைத்தான். இந்தக் கேள்விக்கு வீட்டில் வைத்துப் படிக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

இது இறக்கையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் காற்று தரும் விசையைத் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. கோளாறுகளுக்கென்று தனிப் பக்கமும் உண்டு. எந்த வேகத்தில் எந்த என்ஜின் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவிடலாம்.

எல்லாரும் முதலில் சந்தேகிப்பது என்ஜினை. போயிங் 737-800 விமானத்தைப் பினாங்கின் 3,352 மீட்டர் ஓடுபாதையில் ஓடவிட்டு, இனி நிறுத்த இயலாது என்ற வேகத்தைத் தாண்டியதும் ஒரு என்ஜினை அணைத்துப் பாருங்கள். சக்கரங்களை மடக்கி, உரிய வேகத்தைக் காத்தால் விமானம் ஏறவே செய்கிறது. சக்கரங்கள் மடங்கிய பின், மிஞ்சிய ஒரே என்ஜினில் 1,000 மீட்டருக்கு 24 மீட்டராவது ஏறும் திறன் வேண்டும் என்பது இரட்டை என்ஜின் விமானங்களுக்கான விதி. பதறி மூக்கைத் தூக்கினால் வேகம் கரைகிறது, காற்றின் தடையான இழுவை கூடுகிறது, அந்தச் சிறிய ஏற்றமும் போய்விடுகிறது.

இரண்டும் அணைந்தால் கதையே வேறு. அகமதாபாத்தில் இரு எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் அடைபட்டதாக முதற்கட்ட அறிக்கை சொல்கிறது. திரையில் அதைச் செய்து உடனே மீண்டும் திறந்தாலும், என்ஜின் சுழற்சி மீள்வதற்குள் உயரம் தீர்ந்துவிடுகிறது.

என்னை அதிகம் உலுக்கியது, குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்க இறக்கையிலிருந்து விரியும் ஃபிளாப் என்ற தகடுகளின் சோதனை. 1987-இல் டெட்ராய்ட்டில் 156 பேரும், 2008-இல் மாட்ரிட்டில் 154 பேரும் இறந்தார்கள். இரண்டும் எம்.டி-82 விமானங்கள். இரண்டிலும் என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இறக்கையின் பின்விளிம்பு ஃபிளாப்பும் முன்விளிம்பு ஸ்லாட்டும் விரிக்கப்படவில்லை. எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. வழக்கமான வேகத்தில் ஃபிளாப் இல்லாமல் எழுப்பிப் பார்த்தேன். தரையை ஒட்டி இழுவை குறைவாக இருப்பதால் விமானம் எழுந்துவிடுகிறது. சற்று உயர்ந்ததும் அந்தச் சலுகை போய், இறக்கை விமானத்தைத் தாங்கும் விசையை இழக்கிறது. முழு உந்துவிசை இருந்தும் ஏற்றம் இல்லை. இதை நூறு பக்கம் படித்தாலும் இப்படிப் புரியாது.

எடைப் பிழையையும் சோதிக்கலாம். 2009-இல் மெல்பர்னில் ஒரு ஏ340 விமானத்தின் எடை 362.9 டன்னுக்குப் பதில் 262.9 என்று கணக்கில் ஏறியதால், உந்துவிசையும் வேகமும் குறைவாக அமைந்தன. வால் தரையில் உரசிய பிறகே அது எழுந்தது. முழுச் சுமையேற்றி, குறைந்த எடைக்குரிய வேகங்களில் ஓட்டினால் அந்த ஓடுபாதை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று தெரியும்.

குறைகளும் உண்டு. பனிக்கட்டியின் விளைவு எனக்கு நம்பும்படி இல்லை. 1982-இல் வாஷிங்டனில் விபத்துக்குள்ளான விமானத்தில் என்ஜின் உணர்கருவி உறைந்து, உண்மையைவிட அதிக உந்துவிசையைக் காட்டியதே, அப்படி ஒரு பொய்யான அளவீட்டை என்னால் இதில் உருவாக்க முடியவில்லை. இறக்கை தாங்கும் விசையை இழக்கப்போவதை விமானியின் கைப்பிடியை அதிரவைத்து எச்சரிக்கும் அபாய அதிர்வு, சாதாரண ஜாய்ஸ்டிக்கில் கைக்கு வராது. தனியாக ஓட்டுவதும் பெரிய குறை. விமானப் பராமரிப்புப் படிக்கும் அண்ணன் மகன் அருகில் அமர்ந்து, "ஃபிளாப் ஐந்தில் இருக்கிறதா, சித்தப்பா?" என்று பட்டியலை வாசிக்கும் நாள்களில்தான் விமானி அறையின் ஒழுங்கு பிடிபடுகிறது.

12-ஆம் பதிப்புக்கு வலுவான கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். இலவசச் சோதனைப் பதிப்பை முதலில் இறக்கி, கணினி தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.