தகட்டில் படிந்த மூச்சு

டொரோண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் கும்பகோணம் போய்த் திரும்பியிருக்கிறேன். அத்தை பேரனின் திருமணம், பத்திரப் பதிவு, வங்கி வேலை எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன என்பதால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியிருப்பது என் மூக்கைப் பற்றித்தான்.

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். அதில் காய்ந்துபோய் இறங்கிய மூக்கு, மார்கழிப் பனியையும், எதிர்வீட்டில் இடித்துக் கட்டும் தூசியையும், காலையில் தெருவோரம் குப்பை கொளுத்தும் புகையையும் ஒன்றாகச் சந்தித்தது. இரண்டாம் நாள் இரவே வலது பக்கம் அடைத்துக்கொண்டது. தெருமுனை மெடிக்கலில் நான் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் ஒரு சின்னச் சொட்டு மருந்துக் குப்பியை நீட்டினார். எத்தனை நாள் போட வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அட்டையில் பொடி எழுத்தில் இருந்திருக்கலாம். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு சொட்டு மருந்தின் அட்டையைப் படிக்கிறவர் யார்?

ஐந்தே நிமிடத்தில் மூக்கு திறந்துகொண்டது. குடும்ப மருத்துவரிடம் போய், அவர் நிபுணருக்குப் பரிந்துரை எழுதி, நிபுணரின் அலுவலகம் எப்போது கூப்பிடும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் டொரோண்டோ வாழ்க்கையை நினைத்து, ஊர் என்றால் ஊர்தான் என்று அன்றிரவு எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமை பத்து நாள் தாங்கியது. அதற்குள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சொட்டு விடாவிட்டால் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியதுபோல் அடைக்கத் தொடங்கிவிட்டது. குப்பி தலையணைக்கு அடியில் குடியேறியது. இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டதில் விடியும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. குறட்டை கூடத்துக்குக் கேட்டதாக மனைவி சொன்னாள். அம்மா நொச்சி இலையைப் போட்டு ஆவி பிடிக்க வைத்தார். போர்வைக்குள் இருந்தவரை சுகமாகத்தான் இருந்தது. பதினோராம் நாள், சிறுவயதோடு விட்டுப்போனதென்று நான் நம்பியிருந்த இழுப்பு நெஞ்சில் மெல்ல விசிலடித்தது.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் மாலை ஆறு மணிக்கு வருவார் என்றார்கள். அதற்கான டோக்கன் காலை ஐந்தரைக்கு. நான் போய் நின்றபோது காம்பவுண்டரின் நோட்டில் ஏற்கெனவே பதினேழு பெயர்கள் இருந்தன, வாசலிலோ நான்கே பேர். மற்றவர்கள் முதல் நாள் இரவே சொல்லிவைத்தவர்களாம். 2026-லும் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும்தான் நோயாளிகளின் வரிசையை முடிவு செய்ய வேண்டுமா என்று பொருமினேன். ஆறு மணி மருத்துவர் எட்டு மணிக்கு வந்தார். என்னை அழைத்தபோது மணி பத்தரை. அதற்குள் இந்த அனுபவத்தை எத்தனை கடுமையாக எழுதலாம் என்று மனத்தில் முழுதாக எழுதியே முடித்திருந்தேன்.

அவருக்கு எழுபது வயதிருக்கும். கேள்வி கேட்பதற்கு முன்னால், குளிர்ந்த நீரிலிருந்து எடுத்துத் துடைத்த ஓர் எவர்சில்வர் தகட்டை என் மூக்குக்குக் கீழே கிடையாகப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு சாதாரணமாக மூச்சு விடச் சொன்னார். தகட்டை விளக்கடியில் திருப்பிக் காட்டினார். இடப்பக்க மூச்சு வெற்றிலைக் கொழுந்து அளவுக்குப் பனித்திருந்தது. வலப்பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு மங்கல், அதுவும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து சுருங்கி மறைந்தது. என் மூச்சை நான் கண்ணால் பார்த்தது அதுவே முதல் முறை. பிறகு என் வலக் கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்து மூச்சு விடச் சொன்னார், குழாய்க் கருவியை விட்டுத் திரையில் உள்ளே காட்டினார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார்.

“சொட்டு எத்தனை நாளாகப் போடுறீங்க தம்பி?” என்றார். சொன்னேன். “அஞ்சு நாளுக்கு மேல போட்டா அதுவே அடைக்கும்” என்று சிரிக்காமல் சொன்னார்.

அந்த மருந்து மூக்குச் சவ்வின் இரத்தக் குழாய்களை இறுக்கித்தான் வழி திறக்கிறது. நாள்கணக்கில் இறுக்கிக்கொண்டே இருந்தால், விட்டதும் முன்னைவிட அதிகமாக வீங்குகிறது. ஊரில் எல்லோரும் ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது’ என்பார்களே, பெரும்பாலும் அது புதிதாக வளர்ந்ததன்று, எல்லோருக்கும் பக்கச் சுவரில் இருக்கிற சதை வீங்கியது என்றார். எனக்கு இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுத்தண்டும் வலப்பக்கம் வளைந்திருந்ததால் அந்த வழி முதலில் மூடியது. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டித் தருவது மூக்கின் வேலை. அது அடைபட்டு, வாய் வழியே குளிர்ந்த உலர்ந்த காற்று நேராக இறங்கும்போது, ஆஸ்துமா உடம்பென்றால் மூச்சுக் குழாய் சுருங்குகிறது. மூக்கும் நுரையீரலும் ஒரே குழாயின் இரண்டு முனை என்று அவர் சொன்னபோதுதான் அந்த விசில் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

வளைவு இல்லாதவர்களுக்கும் இரண்டு துவாரங்களும் சமமாகத் திறந்திருப்பதில்லை, சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறி ஒன்று தளரும், ஒன்று இறுகும் என்றும் சொன்னார். ஜெர்மன் மருத்துவர் கைசர் 1895-இல் இதை எழுதிவைத்தார். வெளியூர் கிளம்புமுன் மூக்கடியில் விரல் வைத்து, மூச்சு ஓடுவது வலப்பக்கச் சூரியகலையா இடப்பக்கச் சந்திரகலையா என்று சரம் பார்த்த என் தாத்தாவுக்கு அவரைத் தெரியாது.

சொட்டை ஒரு பக்கத்துக்கு ஒரு பக்கமாக நிறுத்தச் சொன்னார். உப்பு நீரால் கழுவ வேண்டும். ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தர இரண்டு வாரமாகலாம் என்பதால் நடுவில் விட்டுவிடக் கூடாது. அந்த ஸ்பிரேயை வலக் கையால் இட மூக்குக்கும், இடக் கையால் வல மூக்குக்கும் அடிக்க வேண்டும். அப்போதுதான் நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் பாயும் என்று தன் மூக்கிலேயே காலிக் குப்பியை வைத்துக் காட்டினார். நெஞ்சுக்கு ஒரு இன்ஹேலர். அறுவை சிகிச்சை பற்றி இப்போது பேச்சே வேண்டாம் என்றார். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். கருவிச் சோதனைக்கும் சேர்த்து வாங்கிய தொகை டொரோண்டோ மருத்துவமனை ஒன்றின் வண்டி நிறுத்தக் கட்டணத்தைவிடக் குறைவு. மனத்தில் எழுதி வைத்திருந்த கடுமையான பத்திகளை வீட்டுக்கு நடக்கும்போதே கிழித்துப் போட்டேன், நோட்டைப் பற்றியதைத் தவிர.

திரும்பும் நாளன்று மெடிக்கலுக்கு ஸ்பிரே வாங்கப் போனேன். கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “அந்தச் சொட்டும் ரெண்டு எடுத்து வைக்கட்டா சார், அங்க கிடைக்காதுல்ல?” என்றார், அவ்வளவு அன்போடு.

இங்கே வந்து நான்காவது வாரம். நிபுணரின் அலுவலகத்திலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. காலையில் குளிர்பெட்டியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து, திருப்பி, மூக்கடியில் பிடித்துப் பார்க்கிறேன். வலப்பக்கப் பனிப்பு இன்று ஒரு நாவற்பழம் அளவுக்கு இருந்தது.