பாளையங்கோட்டையில் கினிப்பன்றிக்கு அறுவைச் சிகிச்சை

எங்கள் கினிப்பன்றியின் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றிய பாளையங்கோட்டைத் தனியார் கால்நடை மருத்துவமனையை, சிறு பிராணி வளர்ப்போருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாய்க்குச் சொல்வதுபோல் முந்தைய இரவே உணவை நிறுத்தச் சொல்லாததிலேயே மருத்துவரின் தேர்ச்சி தெரிந்தது. கினிப்பன்றியால் வாந்தியெடுக்க இயலாது; வயிறு நெடுநேரம் காலியாக இருந்தால் குடலியக்கம் நின்றுவிடக்கூடும் என்பதால், மயக்க மருந்துக்குச் சற்று முன்புவரை புல் தின்னவிட்டு, பிறகு கன்னத்தினுள் ஒட்டியிருந்த துணுக்குகளைப் பஞ்சால் துடைத்தெடுத்தார்கள்.

வலி மருந்தை எடைக்கேற்பக் கணக்கிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு போட்டே கொடுத்தார்கள். வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து இதன் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களைக் குலைத்து உயிருக்கே உலைவைக்கும் என்பதால், மருந்துக்கடையில் நாமாக எதையும் வாங்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொன்னார் மருத்துவர்.

வீட்டில் மரத்தூளுக்குப் பதில் பழைய வேட்டியை விரித்து, ஊறவைத்துக் குழைத்த தீவனத்தைச் சில மணிக்கொரு முறை கடைவாயோரம் சிறிது சிறிதாக ஊட்டினோம். எடையையும் புழுக்கையையும் தினமும் கவனிக்க வேண்டும். வைட்டமின் சி இதன் உடலில் உற்பத்தியாகாததால் குடைமிளகாய் உதவும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசால் என்ற தீவனப்பயிரைத் தவிர்க்கவேண்டும்.

குறை ஒன்றுண்டு: பின்பராமரிப்பை வாய்மொழியாகவே சொல்கிறார்கள், எழுதித் தருவதில்லை. காத்திருக்கும் அறையில் நாய்களின் குரைப்பும் அதிகம். அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வருவோர், வெப்பம் தாங்காத இப்பிராணியை வெயிலேறுமுன் கொண்டுவருவது நல்லது. காலையில் கூட்டமும் குறைவு.