தோசையா, இஞ்ச் டேப்பா: ஆறாம் வகுப்புப் பின்னத்துக்கு எது தாங்குகிறது?

போன வருடம் என் மகள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிக்கொண்டு வந்தாள். நோட்டில் சிவப்பு மையில் ஒரு தப்புக்குறி, அவ்வளவுதான். சரி, நாமே சொல்லிக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால், அது தப்பே இல்லை என்று எனக்குப் படம் போட்டுக் காட்டினாள். ஒரு வட்டம், இரண்டு பாதி, ஒன்றுக்கு நிறம். பக்கத்தில் இன்னொரு வட்டம், மூன்று துண்டு, ஒன்றுக்கு நிறம். "மொத்தம் அஞ்சு துண்டும்மா. அதுல ரெண்டுக்குக் கலர் அடிச்சிருக்கு. ஐந்தில் இரண்டு." என்னிடம் பதில் இல்லை. படத்தில் பார்த்தால் அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்த ஒப்பீடு. வீட்டில் பின்னம் சொல்லிக்கொடுக்க மூன்று வழிகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. தோசை, பீட்சா, கேக் என்று வட்டத்தை வெட்டிக் காட்டுவது ஒன்று. காகிதப் பட்டை, எண்கோடு, இஞ்ச் டேப் என்று நீளத்தில் காட்டுவது இரண்டாவது. படமே வேண்டாம், விதியை மனப்பாடம் பண்ணு என்பது மூன்றாவது. நான் மூன்றையும் செய்து பார்த்து, கடைசியில் இஞ்ச் டேப்பில் வந்து நின்றேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விதி மனப்பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குறுக்கே பெருக்கு, கீழே உள்ளவற்றைப் பெருக்கு, வகுத்தல் என்றால் இரண்டாவதைத் தலைகீழாக்கு. மறுநாள் தேர்வு என்றால் இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் விடை எவ்வளவு வரும் என்ற உத்தேசம் பிள்ளைக்கு வரவே வராது. 1978இல் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 எதற்கு அருகில் வரும் என்று கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னமுமே கிட்டத்தட்ட ஒன்று, ஆகவே விடை 2. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 சதவீதம். 19 என்றும் 21 என்றும் சொன்னவர்களைச் சேர்த்தால் பாதிக்கு மேல். மேலே உள்ள 12ஐயும் 7ஐயும் கூட்டினால் 19, கீழே உள்ள 13ஐயும் 8ஐயும் கூட்டினால் 21. மேலே தனியாக, கீழே தனியாகக் கூட்டி என் மகள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

வட்டத்துக்கு வருவோம். அதன் நல்ல பக்கத்தை மறைப்பது நியாயமில்லை. முழுசு எது என்று வட்டம் தானாகவே சொல்லிவிடும். ஒரு துண்டு குறைந்தால் வாய் பிளந்து நிற்கும். எவ்வளவு குறைகிறது என்று யாரும் விளக்க வேண்டாம். எட்டு பெரியது, அதனால் 1/4ஐ விட 1/8 பெரியது என்று நினைக்கிற பிள்ளைக்கு, ஒரே அளவு தோசை இரண்டை எடுத்து ஒன்றை நாலாகவும் ஒன்றை எட்டாகவும் வெட்டி, எது வேண்டும் என்று கேட்டால் போதும். மூன்றாம், நான்காம் வகுப்புக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அதை நம்பித்தான் நானும் 300 ரூபாய்ச் சொச்சம் கொடுத்து பிளாஸ்டிக் வட்டத் துண்டுகள் ஒரு பெட்டி வாங்கினேன். ஒரு வாரம் நன்றாகவே போனது.

இடித்தது 7/5இல். இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. 3/5ஐத் தமிழில் ‘ஐந்தில் மூன்று’ என்று வாசிக்கிறோம். அழகான வாசிப்பு. ‘த்ரீ பை ஃபைவ்’ என்பதில் ஒரு அர்த்தமும் கிடையாது. ‘ஐந்தில் மூன்று’ என்னும்போதே ஐந்து பங்கு போட்டு அதில் மூன்றை எடுப்பது கண்ணில் தெரிகிறது. ஆனால் அதே வாசிப்பில் 7/5 ‘ஐந்தில் ஏழு’ ஆகிறது. "அஞ்சுலேருந்து ஏழு எப்படிம்மா எடுக்க முடியும்?" என்றாள். நியாயமான கேள்விதானே! போதாக்குறைக்குப் பாடத்தில் அதற்குப் பெயர் தகா பின்னம். தகாதது என்று பெயரும் வைத்து, ஐந்தில் ஏழு என்றும் வாசிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை அதை ஒரு எண்ணாக மதிக்கும்?

சரி என்று இரண்டு வட்டம் எடுத்து, இரண்டையும் ஐந்தாகப் பிரித்து, ஏழு துண்டு வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு "7/10" என்றாள். இரண்டு வட்டத்திலும் சேர்த்துப் பத்துத் துண்டு, அதில் ஏழு. மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம். வட்டம் பிள்ளைக்குத் துண்டுகளை எண்ணத்தான் பழக்குகிறது. பின்னம் என்பது ஒரு அளவு, 2 போல 7 போல அதுவும் ஒரு எண், அதற்கும் வரிசையில் ஒரு இடம் உண்டு என்பதை அது சொல்வதில்லை.

இனி டேப். ரவிக்கை தைக்க வைத்திருந்த சாதாரண இஞ்ச் டேப்தான், கடையில் 20 ரூபாய். எங்கள் டேப்பில் ஒவ்வொரு இஞ்சும் எட்டாகப் பிரிந்திருக்கிறது. முதல் நாள் பின்னம் என்ற பேச்சே எடுக்கவில்லை. "கழுத்து ஆறே முக்கால், தோள் பதினாலரை, கை ஒன்பதே கால், குறிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே போனேன். தப்பில்லாமல் குறித்தாள். கலப்பு பின்னம் என்று பாடத்தில் தனித்தலைப்பு போட்டுச் சொல்வதை அவள் காதால் ஏற்கெனவே கேட்டே பழகியிருந்தாள். தையற்காரரும் பிளம்பரும் நாள் முழுக்கப் பேசுவது இதைத்தானே: முக்கால் இஞ்ச் பைப், ஒன்றேகால் இஞ்ச் பைப், ஒன்றரை இஞ்ச் பைப்.

மறுநாள் கால் காலாக எண்ணச் சொன்னேன். ஒரு கால், இரண்டு கால், மூன்று கால், நான்கு கால். ஐந்தாவது கால் எங்கே? ஒரு இஞ்ச் கோட்டைத் தாண்டி இரண்டாவது கோட்டில் விரல் நின்றது. "அஞ்சு கால்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நாய்க்கும் நாலு கால், ஒன்றுக்கும் நாலு கால், அஞ்சாவது கால் அடுத்த நாயுடையது என்று அவளே ஒரு விதி கண்டுபிடித்தாள். கணித ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் 5/4 என்பது ஒன்றேகால் என்று அதன் பிறகு நான் சொல்லவேண்டி வரவில்லை. டேப்பில் ஒன்று என்பது கடந்து போகிற ஒரு கோடு, அவ்வளவுதான். வட்டத்தில் அதைத் தாண்டி எங்கும் போக முடியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது இன்னொரு விஷயம். பிள்ளை தன் தப்பைத் தானே பிடிக்க முடிகிறதா? மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான் என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் நாம் எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. 24 செ.மீ. நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டி, இதுதான் ஒன்று என்று வைத்துக்கொண்டோம். பாதி 12 செ.மீ. மூன்றில் ஒன்று 8 செ.மீ. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 20 செ.மீ. இப்போது அவளுடைய பழைய விடையான 2/5 எங்கே வரும் என்று தேடச் சொன்னேன். 24ஐ ஐந்தாகப் பிரித்து இரண்டு பங்கு: 9.6 செ.மீ. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படிம்மா பாதியைவிடக் கம்மி ஆகும்?" என்றாள். வட்டத்தில் அவளுக்குச் சரியாகப்பட்ட அதே விடை, பட்டையில் வைத்ததும் அபத்தமாகத் தெரிந்துவிட்டது. தப்பு என்று நான் சொல்லவே இல்லை. 20/24ஐச் சுருக்கினால் 5/6 என்பதெல்லாம் அதற்குப் பிறகு பத்து நிமிட வேலை.

24 என்ற நீளம் சும்மா எடுத்ததில்லை. 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். ஐந்து வேண்டுமென்றால் 30 செ.மீ. எடுங்கள். அளவுகோலே இல்லாமல் பிரிக்கக் கோடு போட்ட நோட்டே போதும். பட்டையின் ஒரு நுனி ஒரு கோட்டிலும் மறு நுனி அதிலிருந்து 15ஆவது கோட்டிலும் படும்படி சாய்த்து வையுங்கள். அதற்குப் பட்டை அந்தக் கோடுகளின் தூரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். மூன்று கோட்டுக்கு ஒரு புள்ளி வைத்தால் ஐந்து சமபங்கு. பட்டையை நகர்த்தாமல் ஐந்து கோட்டுக்கு ஒரு புள்ளி வைத்தால் மூன்று சமபங்கு. மூன்றும் ஐந்தும் 15இல் ஒத்துப்போகின்றன என்பது, மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்ற சொல்லை எடுக்காமலே, கண்முன் வந்துவிடும். இதே காரியத்தை வட்டத்தில் செய்ய வேண்டுமென்றால் கோணமானி எடுத்து 72 பாகை, 120 பாகை என்று அளக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை கையால் ஐந்தாகப் பிரித்த வட்டத்தில் எந்த இரண்டு துண்டும் ஒரே அளவாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம், டேப்பின் மறுபக்கம். அங்கே சென்டிமீட்டர். ஒரு மீட்டரை ‘ஒன்று’ என்று வைத்துக்கொண்டால் அரை 50இல், முக்கால் 75இல். 3/4தான் 0.75, அதுதான் 75 சதவீதம் என்று ஒரே இடத்தில் விரலை வைத்துக் காட்டலாம். மூன்றில் ஒன்று மட்டும் எந்தக் கோட்டிலும் உட்காராமல் 33க்கும் 34க்கும் நடுவில் நழுவும். அதையும் காட்டிவிடுங்கள், பின்னால் உதவும். குறை எண்கள் வரும்போது கோட்டை இடப்பக்கம் நீட்டினால் ஆயிற்று. ஆக, வாங்கினது வீண் போவதில்லை. வட்டப் பெட்டி ஒரு வருடத்தில் ஓய்வு பெற்றுவிடுகிறது. 2010இல் அமெரிக்கக் கல்வித் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு வெளியிட்ட ஆசிரியர் வழிகாட்டியும் பின்னத்தை எண்ணாக உணர்த்த எண்கோட்டைத்தான் முதன்மைக் கருவியாகச் சொல்கிறது என்று பிறகு படித்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இடையில் என் மாமியார் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: "அந்தக் காலத்துல அரைக்கால், மாகாணின்னு நாங்க வாய்ப்பாடே சொல்லுவோம்." உண்மைதான். அரைக்கால் என்றால் காலில் அரை, 1/8. பெயருக்குள்ளேயே 1/2 × 1/4 என்ற பெருக்கல் இருக்கிறது. அதில் பாதி மாகாணி, 1/16. அப்படியே இறங்கினால் காணி 1/80, முந்திரி 1/320. 1957இல் நயா பைசா வரும் வரை ரூபாய்க்கு 16 அணா என்பதால் இந்தக் கணக்கு கடைத்தெருவிலும் புழங்கியது. படியும் அப்படித்தான்: அரைப்படி உரி, கால்படி உழக்கு, அரைக்கால் படி ஆழாக்கு. இதையே முழு வழியாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஆசை வந்தது. ஆனால் இந்த வரிசையில் மூன்றில் ஒன்றுக்குப் பெயரே இல்லை. 320ஐ மூன்றால் வகுக்க முடியாது, அதனால் எத்தனை முந்திரி சேர்த்தாலும் 1/3 சரியாக வராது. இன்றைய பாடத்தில் மூன்றும் ஆறும் ஏழும் இல்லாமல் நகர முடியாதே! அதனால் பாட்டியின் வாய்ப்பாட்டை டேப்பின் எட்டுக் கோடுகளுக்குப் பெயர் வைக்க மட்டும் எடுத்துக்கொண்டோம்.

டேப்புக்கும் குறை உண்டு. எது முழுசு என்பதைப் பட்டை தானாகச் சொல்லாது. 24 செ.மீ. பட்டையின் பாதியையும் 30 செ.மீ. பட்டையின் பாதியையும் பக்கத்தில் வைத்து, அரை எப்படி அரையைவிடப் பெரிசாச்சு என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினாள். ஒவ்வொரு முறையும் ‘இதுதான் ஒன்று’ என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். இன்னொன்று, எந்தப் பிள்ளைக்கும் டேப்பைப் பார்த்துப் பசி எடுக்காது. முதல் வாரத்துக்குத் தோசையின் ஈர்ப்பே தனி.

பெருக்கலுக்கு வந்தால் நீளம் மட்டும் போதவில்லை. ஒரு தாளை நெட்டாக மூன்றாகவும் குறுக்காக இரண்டாகவும் மடித்துப் பிரித்தால் ஆறு கட்டம். 1/3இல் பாதி 1/6 என்று தெரிந்துவிடும். அதற்குத் தாள்தான், டேப் இல்லை. வகுத்தலில் முக்காலில் எத்தனை அரைக்கால் என்பது வரை டேப் அருமையாக வேலை செய்தது: ஆறு கோடு, ஆகவே 3/4 ÷ 1/8 = 6. 2/3 ÷ 3/4 வந்தபோது எனக்கே கை ஓடவில்லை. தலைகீழாக்கிப் பெருக்கு என்று விதியைச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்த இடத்தில் எதுவும் புரியவைத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் ஒரே ஒரு பிள்ளையோடு, சாப்பாட்டு மேசையில் நடந்தது. நாற்பது பேர் வகுப்பில் ஆளுக்கொரு பட்டை வெட்டிக்கொடுத்துச் செய்ய முடியுமா என்பதை வகுப்பெடுப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். மகன் இப்போது மூன்றாம் வகுப்பு. அவனுக்கு அந்த 300 ரூபாய்ப் பெட்டியைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஐந்தாகப் பிரித்த வட்டத்தில் ஒரு துண்டைக் காணோம். அக்காவிடம் போய் எவ்வளவு மீதி என்று கேட்டிருக்கிறான். அவள் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.