தோசோவா, அஸ்மா ஜிலானியா?

ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் நீதிமன்றம் என்ன சொல்ல வேண்டும்? பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறது.

1958 தோசோ வழக்கில் தலைமை நீதிபதி முனீர், சட்ட அறிஞர் கெல்சனின் கோட்பாட்டைத் துணைக்கு வைத்து, வெற்றி பெற்ற புரட்சியே புதிய சட்டத்தின் ஊற்று என்றார். அதாவது, துப்பாக்கி ஜெயித்தால் பழைய அரசியலமைப்பு செத்துப்போகும். தீர்ப்பு வந்த அன்று இரவே ராணுவத் தளபதி அயூப் கான் அதிபர் மிர்சாவை வெளியேற்றினார்.

1972 அஸ்மா ஜிலானி வழக்கு நேரெதிர். தலைமை நீதிபதி ஹமூதுர் ரஹ்மான் தோசோவைத் தவறென்று தள்ளி, ராணுவ ஆட்சியாளர் யஹ்யா கான் ஆட்சியை அபகரித்தவர் என்றார். எனக்கு இதுதான் சரியான சட்டம். ஆனாலும் மனம் உறுத்துகிறது: அப்போது யஹ்யா பதவியில் இல்லை. ராணுவத் தளபதி ஜியா ஆட்சியைப் பிடித்துப் பதவியில் இருந்த 1977-இல், நுஸ்ரத் பூட்டோ வழக்கில், அதே நீதிமன்றம் ‘அவசியம்’ என்று சொல்லி ராணுவ ஆட்சியை ஏற்றுக்கொண்டது.